என் கணவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். இதை அவரிடம் எப்படிப் பேசுவது?

மாடிவிளக்கு:

வணக்கம். எனக்கு 54 வயது. அல்சைமர், ஆரம்பக் கட்டம் என்று போன வருடம் உறுதி செய்தார்கள். இதை நானேதான் தட்டச்சு செய்கிறேன். ஒரே மூச்சில் எழுத முடிவதில்லை, விட்டு விட்டு எழுதுகிறேன். எங்காவது சொன்னதையே மறுபடி சொல்லியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் கேட்க வந்தது மறதியைப் பற்றி அல்ல. என் கணவரைப் பற்றி.

நாங்கள் இருவரும் கல்யாணமான புதிதிலிருந்தே வாக்குவாதம் செய்கிறவர்கள். நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தவள், ஓர் எண் இடறினால்கூட விடமாட்டேன். அவர் பொறியாளர், அவரும் விடமாட்டார். எந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம், மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிப் பேசித்தான் முடிவு செய்தோம். ராத்திரி முடியாத வாதத்தைக் காலையில் ஆதாரத்தோடு வந்து மறுபடி ஆரம்பிப்பார். பார்க்கிறவர்களுக்கு இவர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று தோன்றியிருக்கும். அவர் மறுத்துப் பேசினால் என் பேச்சை முழுதாகக் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது எதைச் சொன்னாலும் "சரி" என்கிறார். "நீ சொல்றதுதான் சரி", "அப்படியே செஞ்சிடலாம்", "கவலைப்படாதே". குரலே மாறிவிட்டது, மெத்தென்று ஒரே சீராக இருக்கிறது. அந்தக் குரல் வந்தால் இந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன் என்று புரிந்துகொள்கிறேன். அவர் வாயால் அதைச் சொல்வதில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே ஒன்று சொல்லிப் பார்த்தேன். மகள் பிறப்பதற்கு முந்தின வருடம்தானே இந்த வீட்டுக்குக் குடிவந்தோம் என்றேன். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போதுதான் வந்தோம், அது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அவர் கண்ணிமைக்காமல் "ஆமாம், அப்போதான்" என்றார்.

அன்றிலிருந்து அவருடைய "ஆமாம்" எதையும் நம்ப முடியவில்லை. இதைத்தான் அவருக்குப் புரியவைக்க வேண்டும். என் தலைக்குள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. சரிபார்த்துக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆள் அவர். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டால் நான் எதை வைத்துச் சரிபார்ப்பது? என்னைக் காயப்படுத்தக் கூடாது என்றுதான் செய்கிறார், தெரியும். ஆனால் எனக்கு நிற்க இடம் இல்லாமல் போகிறது.

இதே ஆள், முக்கியமான விஷயத்தில் என்னைக் கேட்காமலே "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். லெகனமேப் என்ற மருந்தைப் பற்றி மருத்துவர் பேசினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும், அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும், போன ஞாபகத்தை அது திருப்பித் தராது, சரிவைக் கொஞ்சம் மெதுவாக்கும் என்றார். அதைச் சொல்லும்போது முழுக்க என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்தோம். யோசிக்கவே இல்லை. சில வாரம் கழித்து நான் கேட்டபோது, வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. பழைய காலமாக இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு மாதம் சண்டை போட்டிருப்போம்.

இன்னொன்று. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவேன். அவர் இப்போது என் நெற்றியில் மட்டும் முத்தமிடுகிறார், குழந்தைக்குக் கொடுப்பது போல. ராத்திரி எனக்குப் போர்த்திவிட்டுத் தள்ளிப் படுத்துக்கொள்கிறார். என் உடம்புக்கு எதுவும் மறந்துவிடவில்லை.

மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வாரக்கடைசியில் பேசுவாள். அப்போதும் அவரே முந்திக்கொண்டு பேசிவிடுகிறார்.

அவர் நல்ல மனிதர். இதைப் படிக்கிற யாரும் அவரைத் திட்ட வேண்டாம். நான் கேட்பது இதுதான்: உங்களில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா? நோயாளியாகவோ, துணையாகவோ. எதற்கு ஒத்துப் போகலாம், எதை மறுத்தே ஆக வேண்டும் என்று இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள முடியுமா?

கோடைமழை:

முதலில் நோய் உறுதிதானா என்று பாருங்கள். 54 வயது ரொம்பக் குறைவு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் என்று இத்தனையாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்யவும் முடியும். என் அண்ணனுக்கு இதே வயதில் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள், கடைசியில் கடுமையான மனச்சோர்வு என்று தெரிந்தது. இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மாடிவிளக்கு:

நன்றி. எல்லாம் பார்த்தாகிவிட்டது. பி12, தைராய்டு சரியாக இருந்தன. ஆரம்பத்தில் மனச்சோர்வு என்றுதான் மாத்திரை கொடுத்தார்கள், மாதவிடாய் நிற்கிற வயது என்றும் சொன்னார்கள், அதிலேயே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அப்புறம்தான் எம்ஆர்ஐயில் ஹிப்போகாம்பஸ், அதாவது ஞாபகத்தைப் பதிக்கிற மூளைப் பகுதி, சுருங்கியிருப்பது தெரிந்தது. முதுகுத் தண்டு நீரில் அமிலாய்டு என்ற புரதம் குறைந்தும் டவ் என்ற புரதம் கூடியும் இருந்தன. அமிலாய்டு மூளையிலேயே படிந்துவிடுவதால் நீரில் குறைந்து காணப்படும் என்று விளக்கினார்கள். நீங்கள் சொன்னது வேறு யாருக்காவது உதவும், அழிக்காமல் விட்டுவைக்கவும்.

நெடுவழி:

சகோதரி, நான் உங்கள் கணவர் இருக்கும் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பித்தது. இப்போது நோய் வெகுதூரம் போய்விட்டது.

அவர் ஏன் "சரி" மட்டும் சொல்கிறார் என்று எனக்கு ஓரளவு தெரியும். நோய் உறுதியான வாரத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற முதல் வேலை, கிடைப்பதையெல்லாம் படிப்பது. எங்கே பார்த்தாலும் "வாதம் செய்யாதீர்கள், திருத்தாதீர்கள், அவர்களுடைய உலகத்துக்குள் நீங்கள் போங்கள்" என்றுதான் போட்டிருக்கும். நல்ல ஆலோசனைதான், ஆனால் அது பிந்தைய கட்டத்துக்கு எழுதியது. அம்மா எங்கே என்று கேட்கிற ஒருத்திக்கு "அவங்க செத்துப் போய் இருபது வருஷம் ஆச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவள் புதிதாக அழுவாள். அதற்காகச் சொன்ன மருந்து அது. உங்களைப் போல நோயை அறிந்து, இவ்வளவு கோர்வையாக எழுதுகிறவருக்கு அதைக் கொடுக்க ஆரம்பித்தால் நீங்கள் சொல்கிறபடிதான் ஆகும். அவர் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்திருக்கிறார்.

இரண்டாவது காரணம் பயம். வீட்டில் ராத்திரி எழுந்து அடுப்பு அணைந்திருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள் இப்போது அவர்தான். நீங்கள் ஒரு சொல்லைத் தேடும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாதம் செய்தால் நடுவில் நீங்கள் எங்காவது இடறுவீர்கள், அதை அவர் பார்க்க நேரும். அதனால் வாதமே வேண்டாம் என்று விலகுகிறார். உங்களைக் காப்பாற்றுகிற அளவுக்குத் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறார்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. இத்தனை வருடம் அலுவலகத்தில் ஒரு சங்கடம் என்றாலும் அவர் முதலில் வந்து சொன்னது உங்களிடம்தான் இருந்திருக்கும். இப்போது அவர் வாழ்க்கையிலேயே பெரிய துயரம் வந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய ஆளும் நீங்கள், அந்தத் துயரமே உங்களைப் பற்றியது. யாரிடம் போய்ச் சொல்வார்? ஆள் எதிரில் இருக்கும்போதே இழந்துகொண்டிருக்கிற இந்த நிலையைப் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்திருக்கிறார். 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களில் தொடங்கி, பிறகு மறதி நோய் வந்த குடும்பங்களுக்கு வந்தார். ஆள் திரும்புவாரா இல்லையா என்று தெரியாமல் காத்திருந்த மனைவிகளிடம் அவர் பார்த்ததை, பக்கத்திலேயே மனைவி உட்கார்ந்திருந்த கணவர்களிடமும் பார்த்தார். அழுது முடிக்கவும் முடியாது, அழ ஆரம்பிக்கவும் யாரும் அனுமதிக்க மாட்டார்கள். நான் படித்ததில் எனக்கு ஆறுதல் தந்து ராத்திரி தூங்க வைத்தது அது ஒன்றுதான்.

என் மனைவி இதற்கு ஒரு வழி செய்தாள். ஆரம்பத்திலேயே என்னை உட்கார வைத்து, "நீங்க அழறதை நான் பார்க்கணும். நான் மறந்துடுவேன், அது பரவாயில்லை. ஆனா அந்த நேரத்துல நான் உங்க பக்கத்துல இருந்திருப்பேன்" என்றாள். அன்று அழுததுக்கு அப்புறம்தான் பழைய மாதிரி அவளோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். எங்களுக்கு அதற்குப் பின்னும் நல்ல வருடங்கள் கிடைத்தன.

நீங்கள் கேட்ட ஏற்பாடு முடியும். ஆனால் அதற்கு ஒரு முடிவு தேதியும் உண்டு, அதையும் சேர்த்துப் பேசுங்கள். ஒரு வாதத்தின் ஆரம்பத்தை அது முடியும்வரை கையில் பிடித்திருக்க முடியாத நாள் வரும். அப்போது அவர் சொல்கிற நியாயம் உங்களிடம் வந்து சேராது, அவர் கோபம் மட்டும் வந்து சேரும். அன்றைக்கு நிறுத்திக்கொள்ள அவருக்கு நீங்கள் இப்போதே அனுமதி கொடுத்துவிட வேண்டும். என் மனைவி கொடுத்தாள். இல்லாவிட்டால் ஒவ்வொரு "சரி"யையும் ஒரு துரோகம் என்று நினைத்து நான் வெந்து போயிருப்பேன்.

பென்சில்:

எனக்கும் நோய் இருக்கிறது. 49 வயதில் தெரிந்தது. எனக்கு முதலில் போனது ஞாபகம் அல்ல, பார்வை. கண் நன்றாக இருக்கிறது, மூளையின் பின்பகுதி பழுது. வரியைத் தொடர்ந்து படிக்க முடியாது, படிக்கட்டின் விளிம்பு தெரியாது. இதுவும் பெரும்பாலும் அல்சைமரின் ஒரு வடிவம்தான். ஞாபகமும் இப்போது பின்னாலேயே வருகிறது. நான் வாயால் சொல்ல, மனைவி தட்டச்சு செய்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நான் சும்மா ஏதாவது சொன்னால் அவள் விட்டுவிடலாம். சித்தப்பா வந்தது செவ்வாயா புதனா என்பதற்கெல்லாம் என்னைத் திருத்த வேண்டாம், அது எனக்கும் களைப்பு, அவளுக்கும் களைப்பு. ஆனால் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டால் அவள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், எவ்வளவு கசப்பாக இருந்தாலும். "இதை நான் ஏற்கெனவே கேட்டேனா?" என்று மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டால் "கேட்டீங்க, மூணு தடவை" என்பாள். அது வலிக்கும். ஆனால் தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பணம், மருந்து, பிள்ளைகள், வீட்டை விற்பது, இந்த நான்கிலும் கையைப் பிடிக்காவிட்டாலும் உண்மைதான். அதை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்களைச் சரிபார்க்கிற ஒரே ஆள் அவர் என்கிறீர்கள். அது அவருக்கு எவ்வளவு பாரம் என்று பாருங்கள். இரண்டு பேருடைய ஞாபகத்தையும் ஒருவர் சுமப்பது முழுநேர வேலை. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், இப்போது குரல் பதிவு. அன்றன்று நடந்ததை அன்றன்றே சொல்லி வைத்துவிடுவேன். பாதிச் சந்தேகத்தை அதிலேயே தீர்த்துக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாள் என் தங்கை வந்து என்னோடு இருக்கிறாள், அன்று முழுக்க மனைவிக்கு விடுமுறை. அந்த விடுமுறை முடிந்து வருகிற சாயங்காலம்தான் அவள் என்னோடு நன்றாகச் சண்டை போடுவாள். சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

(தட்டச்சு செய்கிறவள் சேர்ப்பது: மேலே அவர் சொன்னது எல்லாம் உண்மை. "மூணு தடவை" என்று சொல்லும்போது எனக்கும் வலிக்கும். அவர் கேட்டதால் சொல்கிறேன். கேட்காத வீட்டில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள் சகோதரி, நீங்கள்தான் கேட்க வேண்டும்.)

நிழற்குடை:

நான் நினைவுத் திறன் மருத்துவப் பிரிவில் செயல்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். உங்கள் பதிவில் எனக்கு மிகவும் உறுத்தியது மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசியது. அதை முதலில் சரி செய்யலாம்.

ஆரம்பக் கட்டத்தில் இருக்கிற ஒருவர் தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யலாம். முடிவெடுக்கும் திறன் என்பது மொத்தமாக இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லிவிடுகிற ஒன்று அல்ல. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்ப்பது: விஷயம் புரிகிறதா, அதை முடிவெடுக்கும்வரை மனதில் வைத்திருக்க முடிகிறதா, சாதக பாதகத்தை எடைபோட முடிகிறதா, விருப்பத்தைச் சொல்ல முடிகிறதா. உங்கள் பதிவைப் படித்தாலே பதில் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது உங்கள் கேள்விகளை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், உள்ளே நுழைந்ததும் அதை மருத்துவர் கையில் கொடுங்கள். "என்னிடம் பேசுங்கள், என் கணவர் குறிப்பெடுப்பார்" என்று மேல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், வேலை செய்கிறது.

லெகனமேப் பற்றி. அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி கிடைத்தது. முக்கிய ஆய்வில் 18 மாதங்களில், மருந்து பெற்றவர்களின் சரிவு பெறாதவர்களைவிட 27 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வித்தியாசம் அன்றாட வாழ்க்கையில் தெரியுமா என்று நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆபத்துப் பக்கத்தில், ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி இல்லை, அதனால்தான் அத்தனை எம்ஆர்ஐ. சிலருக்குக் கடுமையாகி இருக்கிறது, ரத்தக் கசிவும் உண்டு. ஏபிஓஇ4 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகள் உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் மூன்றில் ஒருவருக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் அனுமதி கொடுத்தபோது அந்த இரட்டைப் பிரதிக்காரர்களை விலக்கித்தான் கொடுத்தது. ஆகவே உங்கள் கணவருடைய பயத்துக்கும் காரணம் இருக்கிறது, உங்கள் ஆசைக்கும் காரணம் இருக்கிறது. இது ஆரம்பக் கட்டத்தில் மட்டுமே கொடுக்கப்படுகிற மருந்து. அதனால் இந்த வாதத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

நெடுவழி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சண்டை போடுங்கள், ஆனால் அன்றே முடித்துவிடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஹிப்போகாம்பஸ் பழுதானால் என்ன நடந்தது என்பது தங்காது, ஆனால் அது ஏற்படுத்திய உணர்ச்சி அதைவிட நேரம் தங்குகிறது. 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டிப் பார்த்தார்கள். என்ன பார்த்தோம் என்பது சில நிமிடத்திலேயே மறந்துபோனவர்களிடமும் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் நீடித்தன. வீட்டிலும் இதுதான் நடக்கும். சண்டையின் காரணம் போய்விடும், மனதில் ஒரு கனம் மட்டும் நிற்கும், அந்தக் கனத்துக்கு மூளை புதிதாக ஒரு காரணத்தைத் தேடும். அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும்.

இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர் இதை முதலில் கண்டு விவரித்த நோயாளியான அகுஸ்டே டேட்டரை நினைத்துக்கொள்கிறேன். 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கும்போது அவருக்கு 51 வயது. உங்களைவிடச் சின்னவர். முதலில் வெளியே தெரிந்த அறிகுறியே மறதி அல்ல, கணவர் மேல் வந்த சந்தேகம் என்று அல்சைமர் எழுதி வைத்திருக்கிறார். ஆக இந்த நோய் குடும்பத்துக்குள் புகுவதை மருத்துவம் முதல் நாளிலேயே பார்த்தது. ஆனால் நோயாளியும் துணையும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்குகிற மருத்துவப் பிரிவுகள் இன்றைக்கும் குறைவு. இதில் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் பிரிவில் கேட்டால் கொடுப்போம். உங்கள் மருத்துவமனையிலும் "தம்பதியாக ஆலோசனை வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நெருக்கம் பற்றி நீங்கள் எழுதியது ரொம்பச் சாதாரணம், கூச்சப்பட வேண்டாம். பராமரிக்க ஆரம்பிக்கும் துணைவர்கள் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. இவருக்கு விருப்பம்தானா, நான் உரிமை எடுத்துக்கொள்கிறேனா என்ற பயம். சிலர் அதை மதிப்பு என்று நினைத்து விலகுகிறார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும், நேராக, சுற்றி வளைக்காமல். இன்றைக்குச் சொல்லும் சம்மதத்துக்கு எடை இருக்கிறது. மாத்திரைப் பெட்டியை நிரப்புவது, தேதி நினைவூட்டுவது போன்ற காவல்கார வேலையில் கொஞ்சத்தையாவது வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டால், அவர் கணவராகத் திரும்பி வர இடம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். உங்களுக்குப் பிறகு முடிவெடுக்க யாருக்கு அதிகாரம், எந்த மாதிரிச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதைத் திறன் இருக்கும்போதே எழுத்தில் வைக்க வேண்டும். விதி நாட்டுக்கு நாடு மாறும், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தத் தாளை எழுத உட்காரும்போது நீங்கள் இருவரும் நன்றாக வாதாட வேண்டியிருக்கும். அதற்கு அவர் "சரி" சொல்லித் தப்பிக்க முடியாது.

மாடிவிளக்கு:

எல்லாவற்றையும் அச்செடுத்தேன். நெடுவழி எழுதியதை மட்டும் தனியாக அவர் மேஜையில் வைத்தேன், ஏனென்றால் மற்றதெல்லாம் எனக்கானது. அவர் படித்தார். அப்புறம் வெகுநேரம் வெளியே நடந்துவிட்டு வந்தார். வந்து, நான் வேண்டுமென்றே சோதித்தது தனக்கு அன்றே புரிந்துவிட்டது என்றும், புரிந்தும் என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டியதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். நெடுவழியின் மனைவி சொன்னதை நானும் அவரிடம் சொன்னேன். அவரைத் தெரியாது, ஆனால் நெடுவழி, நான் நன்றி சொன்னதாக அவர் காதில் சொல்லுங்கள்.

மணிக்கட்டைப் பிடித்தால் உண்மை என்பதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பட்டியலில் மகளையும் மருந்தையும் முதலில் எழுதினேன். கார் சாவியையும் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னார், நான் கூடாது என்றேன். அது இன்னும் முடியவில்லை. ஓட்டும் திறனை முறையாகச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்கிறார், அதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறேன்.

மருந்து விஷயத்தில் கடுமையாக மோதிக்கொண்டோம். எட்டில் ஒருவர் என்பதைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். எட்டில் ஏழு பேரைப் பற்றி நான் கேட்கிறேன். வீங்கினால் இருக்கிறதும் போய்விடும் என்கிறார். இருக்கிறது எப்படியும் போகிறது, அது போகும் வேகத்தைப் பற்றித்தான் பேச்சு என்றேன். "அந்த 27 சதவீதம் எதுல 27 சதவீதம்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். பழைய குரல். மதிப்பெண் அட்டவணையை அவரே தேடி எடுத்துக்கொண்டு வந்து விளக்கினார், பாதி எனக்குப் புரிந்தது, புரியாத பாதியை எழுதச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். மேல் வரியில் நிழற்குடை சொன்னபடி எழுதியாகிவிட்டது.

நெற்றி முத்தம் பற்றியும் பேசினேன். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

நிழற்குடைக்கு ஒரு கேள்வி. மருந்துக்கு முன்னால் ஏபிஓஇ4 சோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டு பிரதிகள் இருப்பதாக வந்தால் அது மகளைப் பற்றியும் ஒரு செய்திதானே? அவள் கேட்காமல் அவளைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்வது சரியா? இதில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நிழற்குடை:

ஆமாம். உங்களுக்கு இரண்டு பிரதிகள் இருந்தால் மகளுக்கு ஒன்று நிச்சயம் வந்திருக்கும். ஆனால் ஒரு பிரதி இருப்பது நோய் வரும் என்பதல்ல, வாய்ப்பு கூடுகிறது என்பது மட்டும்தான். ஒரு பிரதி உள்ள பலருக்கு நோய் வருவதே இல்லை. தலைமுறை தலைமுறையாக இளவயதில் வருகிற குடும்பங்கள் சில உண்டு. அங்கே பிஎஸ்இஎன்1 போன்ற ஒரே மரபணு மாற்றம் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போகும், அது வேறு கதை. உங்கள் பெற்றோர், சகோதரர்களில் யாருக்காவது இளவயதில் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சோதனைக்கு முன்பே மகளிடம் பேசுங்கள். இப்படி ஒரு சோதனை செய்யப் போகிறோம், முடிவு உன்னையும் தொடும், உனக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியும். மரபணு ஆலோசகரோடு அவள் தனியாகப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பில் முதலில் நீங்கள் பேசுங்கள். உங்கள் கணவர் பக்கத்தில் இருக்கட்டும், முந்திக்கொள்ள வேண்டாம்.